மாட்டிவிட்ட வெள்ளைச் சாயம்

கேள்வி: போலி ஓவியங்களை நிபுணர்களே நம்பி ஏமாறுகிறார்களே, அப்புறம் எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்?

பதில்: போலி ஓவியங்கள் வரைந்து விற்ற ஜெர்மனியின் வொல்ஃப்காங் பெல்ட்ராக்கி மாட்டியது ஒரு வெள்ளைச் சாயத்தால். காம்பென்டோங்க் என்ற ஜெர்மன் ஓவியர் 1914இல் வரைந்தது என்று சொல்லி, 2006இல் 28 லட்சம் யூரோவுக்கு மேல் ஏலம்போன படத்தை வாங்கியவர்கள் சோதிக்கக் கொடுத்தபோது அதில் டைட்டானியம் வெள்ளை இருந்தது. 1914இல் அது ஓவியர்கள் கைக்கே வரவில்லை. பெல்ட்ராக்கி வாங்கிய துத்தநாக வெள்ளை ட்யூபில் அது கலந்திருந்திருக்கிறது, மேலே எழுதியிருக்கவில்லை. ஆள் லேசுப்பட்டவர் இல்லை. மனைவியையே அந்த மனைவியின் பாட்டி மாதிரி உடுத்தி உட்காரவைத்து, பின்சுவரில் போலிப் படங்களை மாட்டிப் புகைப்படம் எடுத்து, பரம்பரைச் சொத்து என்று நம்பவைத்திருக்கிறார். 2011இல் ஆறு வருஷச் சிறைத் தண்டனை. எனக்கு ஆறாத கோபம் என்னவென்றால், அந்தச் சாயச் சோதனையை ஏலத்துக்கு முன்பே செய்திருக்கலாமே!