தோட்டத்துக் கேள்வி பதில்: காயை முற்ற விடாதீர்கள்

கேள்வி: ஜூன் மாதம் முழுக்க வெண்டை நன்றாகப் பூத்தது. இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும் என்று விட்டுவைத்தால் காய் நாராகிவிடுகிறது, இப்போது பூவும் குறைந்துபோனது. என்ன உரம் போடலாம்?
– வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: உரம் இருக்கட்டும், முதலில் கத்தரிக்கோலை எடுங்கள். செடியின் குறியெல்லாம் விதையை முற்றவைப்பதில்தான். ரெண்டு மூணு காய் முற்ற ஆரம்பித்துவிட்டால் சத்தெல்லாம் அந்த விதைக்கே போய்விடும், மேலே புதுப் பூ வைப்பது தானாகக் குறையும். பூ விரிந்த நாலைந்து நாளிலேயே வெண்டை பறிக்கிற பதத்துக்கு வந்துவிடுகிறது, அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டாயம் பறிக்க வேண்டும், சமைக்கிற எண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். விரல் நீளம் வந்தால் போதும். நுனியை ஒடித்துப் பாருங்கள்: பட்டென்று முறிந்தால் பிஞ்சு, வளைந்து கொடுத்தால் முற்றல். (பாசாரில் இப்படி ஒடித்தால் கடைக்காரர் முறைப்பார், இது உங்கள் சொந்தச் செடி.) இப்போது செடியில் முற்றி நிற்பதை எல்லாம் இன்றைக்கே வெட்டிவிடுங்கள். சுணை அரிக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், பறித்ததைக் கழுவி ஈரத்தோடு பையில் கட்டி ஐஸ்பெட்டியில் வைத்தால் கருத்துப்போகும். கழுவாமல் காகிதத்தில் சுற்றி வையுங்கள், சமைக்கும்போது கழுவிக்கொள்ளலாம்.

கத்திரிக்கும் இதே கதைதான். தோல் பளபளப்பாக இருக்கும்போதே பறிக்க வேண்டும், மங்கிவிட்டால் உள்ளே விதை பழுப்பாகிக் கசக்கும்.

கேள்வி: பாகற்காய் விரல் அளவு வந்ததும் கோணிக்கொண்டு மஞ்சளாகி விழுகிறது. உள்ளே புழு.
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: பழ ஈயின் வேலை. பிஞ்சின் தோலுக்குள் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், அதன்பிறகு மேலே என்ன மருந்து அடித்தாலும் உள்ளே இருக்கிற புழுவுக்குப் போய்ச் சேராது. பூ வாடிப் பிஞ்சு சுண்டுவிரல் அளவு இருக்கும்போதே பழைய நாளிதழைக் குழாய் மாதிரி சுருட்டி மாட்டி, மேல்பக்கத்தை ஸ்டேப்லர் அடித்துவிடுங்கள். மழையில் கிழிந்தால் மாற்றுங்கள். விழுந்த காயை உரக்குழியில் போடவே கூடாது, புழு மண்ணுக்குள் போய்க் கூடாகி மறுபடி ஈயாக வரும். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி நல்ல வெயிலில் போட்டுவையுங்கள். காயின் மேடுகள் உப்பி, நிறம் பச்சையாகவே இருக்கும்போது பறியுங்கள்.

கேள்வி: ஊரில் 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பார்கள். நமக்கும் அது பொருந்துமா?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அது தமிழ்நாட்டு மழையை வைத்துச் சொன்னது. இங்கே வருஷம் முழுக்க வெயிலும் மழையும்தான், விதைப்புக்கென்று ஒரே ஒரு பட்டம் கிடையாது. வெண்டையும் பயற்றங்காயும் சுமார் ரெண்டு மாதத்தில் காய்ப்புக்கு வந்துவிடும், அதனால் மாதம் ஒரு பாத்தி என்று பிரித்து விதைத்தால் காய் விட்டுவிட்டு வந்துகொண்டே இருக்கும், ஒரே வாரத்தில் குவிந்து பக்கத்து வீடுகளுக்கெல்லாம் பங்கு வைக்க வேண்டியிருக்காது.

கேள்வி: கொண்டோ பால்கனியில் தக்காளி பூக்கிறது, காய்க்கவே இல்லை.
– வாசகர், கெப்போங்

பதில்: ராத்திரியும் வெக்கையாக இருந்தால் தக்காளிப் பூ காய் பிடிக்காமல் உதிரும். கேமரன் மலையில் நன்றாக வருவதற்கு அந்தக் குளிர்தான் காரணம். செர்ரி தக்காளி ஓரளவு தாங்கும், ஆசை இருந்தால் அதை முயலுங்கள்; என்னைக் கேட்டால் அந்தத் தொட்டியில் சில்லி பாடி என்கிற குட்டிக் காரமிளகாயை வைத்துவிடுவேன்.