ஆல்ட்-ஜே அழுத்தினால் முக்கோணம் ஏன் விழுகிறது?

விம் என்ற எடிட்டரில் (எழுத்துகளைத் தட்டித் திருத்தும் மென்பொருள்) வேலை செய்யும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘ஒரே விம் அமைப்புக் கோப்பை விண்டோஸ், மேக், லினக்ஸ் சர்வர் மூன்றிலும் வைத்திருக்கிறேன். இன்சர்ட் மோடில் (எழுத்து தட்டும் நிலையில்) ஆல்ட்-ஜே அழுத்தினால் வரி ஒரு இடம் கீழே நகர வேண்டும். விண்டோஸில் ஜி-விம்மில் நகர்கிறது. மேக் டெர்மினலில் ∆ என்று ஒரு முக்கோணம் விழுகிறது. சர்வரில் சில சமயம் நகர்கிறது, சில சமயம் இன்சர்ட் மோடே கலைந்து கர்சர் மட்டும் இறங்குகிறது. கண்ட்ரோல்-ஐ-க்கு வேறொரு வேலை கொடுத்தேன், டேப் கீயும் சேர்ந்து கெட்டுவிட்டது. கீபோர்டை மாற்று என்கிறார் ஒருவர், காசு கொடுத்து மேப்பிங் மென்பொருள் வாங்கு என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது?’

இரண்டையும் செய்யாதீர்கள். கீபோர்ட் நன்றாகத்தான் இருக்கிறது, ஆல்ட்டும் ஜே-யும் சரியாக அழுந்தாமல் அந்த முக்கோணம்கூட விழுந்திருக்காது.

நீங்கள் அழுத்தும் கீ நேராக விம்மிடம் போவதில்லை. முதலில் ஆபரேட்டிங் சிஸ்டம் பார்க்கும், அப்புறம் டெஸ்க்டாப், அப்புறம் டெர்மினல் (கட்டளைகளைத் தட்டும் ஜன்னல்), சர்வர் என்றால் நடுவில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருக்கும் கணினியோடு இணைப்பது), டிமக்ஸ் (ஒரே டெர்மினலைப் பல ஜன்னலாக்கித் தருவது) என்று ஆளுக்கு ஆள் கைமாறி கடைசியில்தான் விம். வழியில் யார் வேண்டுமானாலும் கீயைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம், உருமாற்றியும் அனுப்பலாம். ஜி-விம் தனி ஜன்னல், நடுவில் டெர்மினல் கிடையாது, அதனால்தான் விண்டோஸில் பிரச்சினை இல்லை. இதில் விண்டோஸுக்குத் தனிப் பெருமை எதுவும் இல்லை.

அதனால் அமைப்புக் கோப்பில் கை வைப்பதற்கு முன் ஒரு சோதனை. இன்சர்ட் மோடில் கண்ட்ரோல்-வி அழுத்திவிட்டு, உடனே சந்தேகப்படும் கீயை அழுத்துங்கள் (ஜி-விம்மில் கண்ட்ரோல்-வி பேஸ்ட் ஆகிவிட்டால் கண்ட்ரோல்-க்யூ). விம்மின் கைக்கு என்ன வந்து சேர்ந்ததோ அது அப்படியே திரையில் விழும். மேக்கில் முக்கோணம் விழும். சர்வரில் ஒரு தொப்பிக்குறி, ஒரு சதுர அடைப்பு, பக்கத்தில் ஜே என்று விழும். எதுவுமே விழவில்லை என்றால் கீயை மேலே யாரோ விழுங்கிவிட்டார்கள், விம்மில் எத்தனை வரி எழுதினாலும் பிரயோஜனம் இல்லை. நானே ஒரு தடவை, இரண்டு கீ சேர்ந்த ஒரு மேப் (கீக்கு நாமாகக் கொடுக்கும் வேலை) வேலை செய்யவில்லை என்று ஒரு மதியம் முழுக்க விம்மை அழித்து அழித்து மறுபடி நிறுவிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் பின்னணியில் ஓடிய ஒரு அரட்டை மென்பொருள் அதே இரண்டு கீயைத் தனக்கென்று எடுத்து வைத்திருந்தது. இந்தச் சோதனைக்குப் பத்து விநாடி போதும், அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை.

மேக் விஷயம் எளிது. அங்கே ஆல்ட் என்பது ஆப்ஷன் கீ, அதன் பிறவிவேலையே சிறப்பு எழுத்துகள் போடுவது. ஆப்ஷன்-ஜே என்றால் முக்கோணம், ஆப்ஷன்-கே என்றால் மேலே ஒரு குட்டி வட்டம். டெர்மினலின் செட்டிங்ஸில் ப்ரொஃபைல்ஸ், அதற்குள் கீபோர்ட், அங்கே ஆப்ஷனை மெட்டா கீயாகப் பயன்படுத்து என்று ஒரு டிக் பெட்டி இருக்கும் (டெர்மினல் வழக்கில் ஆல்ட்டுக்கு மெட்டா என்று பெயர்), போடுங்கள். மேக்கின் இன்னொரு டெர்மினலான ஐடெர்ம் என்றால் ப்ரொஃபைல்ஸில் கீஸ் பகுதியில் இடது ஆப்ஷனை மட்டும் ‘எஸ்கேப் பிளஸ்’ ஆக்குங்கள், வலது பக்கம் சும்மா கிடக்கட்டும், சிறப்பு எழுத்து தேவைப்படும்போது உதவும். முக்கோணத்துக்கே ஒரு மேப் எழுதிவிடு என்று சிலர் சொல்வார்கள். வேலை செய்யும், ஆனால் கீபோர்ட் லேஅவுட் மாறிய அன்றைக்கு நிற்கும்.

சர்வர்தான் தலைவலி. பெரும்பாலான டெர்மினல்களுக்கு ஆல்ட் என்று தனியாக ஒன்றை அனுப்பத் தெரியாது, எஸ்கேப்பை அனுப்பி அதன் வாலில் ஜே-யை அனுப்பும். நீங்கள் கையால் எஸ்கேப் அடித்து ஜே அடித்தாலும் விம்முக்குப் போவது அதேதான். பிரித்தறிய விம்மிடம் இருக்கும் ஒரே வழி நேரம்: இரண்டும் ஒட்டி வந்தால் ஆல்ட், இடைவெளி விட்டு வந்தால் கையால் அடித்தது. உங்கள் கோப்பில் எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய இரண்டு வரி இருக்கும், ‘எஸ்கேப்பும் ஜே-யும் ஒன்றாக வந்தால் ஆல்ட்-ஜே என்று எடுத்துக்கொள், 50 மில்லிவிநாடி காத்திரு’ என்கிற மாதிரி. நெட்வொர்க் கொஞ்சம் இழுத்தால் அந்த அவகாசம் தாண்டிவிடும், எஸ்கேப் தனியாகப் போய் இன்சர்ட் மோடைக் கலைக்கும், அதற்கு வெளியே ஜே என்றால் ‘கீழே இறங்கு’ என்ற கட்டளை, அது தனியாகப் போய் கர்சரை இறக்கும். நீங்கள் பார்த்தது இதுதான். சரி, நேரத்தைக் கூட்டினால்? அப்போது ஒவ்வொரு தடவை எஸ்கேப் அடிக்கும்போதும் விம் முழித்துக்கொண்டு நிற்கும், அவசரமாக எஸ்கேப் அடித்து ஜே அடித்தால் வரியே இடம் மாறிவிடும். நடுவில் டிமக்ஸ் இருந்தால் அதுவும் தன் பங்குக்குக் காத்திருக்கும், பழைய பதிப்புகளில் 500 மில்லிவிநாடி.

ஊரார் அமைப்புக் கோப்பை மொத்தமாக எடுத்து ஒட்டுவதில் எனக்குக் கோபம் உண்டு, சொல்லிவிடுகிறேன். முந்நூறு வரி இருக்கும், எழுதியவர் எந்த டெர்மினலுக்கு எழுதினார் என்று அவருக்கே மறந்திருக்கும், அதைப் ‘புரொஃபஷனல் செட்டப்’ என்று சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். விம்மில் முக்காற்புள்ளி போட்டு வெர்போஸ் ஐ-மேப் என்று கேட்டால், இன்சர்ட் மோடில் எந்த மேப்பை எந்தக் கோப்பு வைத்தது என்று அதுவே சொல்லும். உங்களுக்குப் புரியாத வரியைத் தூக்கிவிடுங்கள்.

இனி கண்ட்ரோல்-ஐ. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையின் கணக்கில் பெரிய ஐ என்பது 73. டெர்மினலில் கண்ட்ரோல் செய்வது 64-ஐக் கழிப்பது, மிச்சம் 9, அதுதான் டேப். எம் 77, கழித்தால் 13, எண்டர். இடது சதுர அடைப்பு 91, கழித்தால் 27, எஸ்கேப். ஒரே எண் இரண்டு பெயரில் உலாவுகிறது, விம்முக்கு வித்தியாசமே தெரியாது. 1963-இல் வந்த ஒரு எழுத்து அட்டவணையையும் 1978-இல் வந்த விடி100 டெர்மினலையும் இன்றைக்கும் எல்லாரும் நடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள், அதற்கு நாம் மெனக்கெடுகிறோம். இன்னொரு சேதாரமும் நடந்திருக்கும்: நார்மல் மோடில் (கட்டளை கொடுக்கும் நிலையில்) கண்ட்ரோல்-ஓ போட்டால் பழைய இடத்துக்குத் தாவும், கண்ட்ரோல்-ஐ போட்டால் திரும்பி வரும். ஐ-க்கோ டேப்புக்கோ வேறு வேலை கொடுத்தால் திரும்பி வரும் வழி போயிற்று.

இதற்கு விலக்கு உண்டு, அதையும் சொல்கிறேன், இல்லாவிட்டால் யாராவது சண்டைக்கு வருவார்கள். கிட்டி போன்ற புதிய டெர்மினல்கள் கண்ட்ரோல்-ஐ-யையும் டேப்பையும் தனித்தனியாக அனுப்பும், விம்மிலிருந்து பிரிந்து வந்த நியோவிம் அதைப் புரிந்துகொள்ளும். ஆனால் டெர்மினலுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது, எடிட்டருக்கும் தெரிய வேண்டும், நடுவில் டிமக்ஸ் இருந்தால் அதற்கும் அமைப்பில் சொல்லியிருக்க வேண்டும், மூவரில் ஒருவர் பழைய ஆளாக இருந்தாலும் மறுபடி 9-தான். உங்களிடம் மூன்று இயந்திரம், அதில் ஒன்று சர்வர், அங்கே என்ன பதிப்பு இருக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. அதனால் இந்த விலக்கு உங்களுக்கு உதவாது.

மேப்பிங் மென்பொருள் பற்றி. கேப்ஸ் லாக்கை எஸ்கேப்பாக மாற்ற வேண்டுமென்றால் மேக்கில் கீபோர்ட் செட்டிங்ஸிலேயே இருக்கிறது, விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் இலவசம். பின்னணியில் ஓடி கீயை மாற்றித் தரும் மென்பொருள் பெரும்பாலும் நீங்கள் அடிக்கும் எல்லாக் கீயையும் பார்க்கும், பாஸ்வேர்ட் உட்பட. பெயர் தெரியாத தளத்தில் இறக்கிய ஒன்றுக்கு அந்த அனுமதியைக் கொடுக்காதீர்கள். கொடுத்தாலும் டெர்மினல் அனுப்பும் 9 மாறப்போவதில்லை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஆல்ட்டையும் கண்ட்ரோலையும் நம்பிய மேப்களை எல்லாம் எடுத்துவிட்டு லீடர் கீக்கு (சொந்த மேப்களுக்கு முன்னால் அழுத்தும் கீ) மாறுவேன். நார்மல் மோடில் ஸ்பேஸ், அப்புறம் ஜே, அவ்வளவுதான். சாதா எழுத்துகளை எந்த டெர்மினலும் உருமாற்றுவதில்லை. லீடர் முதலில் பின்சாய்வுக் கோட்டில் இருக்கும், ஸ்பேஸுக்கு மாற்றிவிடுங்கள். இன்சர்ட் மோடிலிருந்து வெளியே வந்துதான் செய்ய வேண்டியிருக்கும், இரண்டு நாள் எரிச்சலாக இருக்கும்.

அப்படி மாற்றிய பிறகும் ஒருநாள் ஸ்பேஸ்-ஜே திடீரென்று எதுவும் செய்யாமல் நின்றால், பதறி கோப்பைத் திறக்காதீர்கள். மேலே சொன்ன கண்ட்ரோல்-வி சோதனையைச் செய்யுங்கள். ‘ப’ என்று விழுந்தால் தமிழ்99 கீபோர்ட் ஆனில் இருக்கிறது, அணைத்துவிட்டு வேலையைத் தொடருங்கள்.