கண்ணு கூசுதுங்கண்ணா: ஹெட்லைட்டும் வெயிலும், கேள்வி பதில்

பெருந்துறையில் இருபத்தெட்டு வருசமாக ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஆறு வருசம் சங்ககிரி லாரியில் கிளீனர், அப்புறம் டிரைவர். வண்டி ஓட்டும்போது கண் கூசுவதைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லி வைத்தேன், கேள்விகள் குவிந்துவிட்டன. கண் வைத்தியம் எனக்குத் தெரியாது. வயரிங்கும் கண்ணாடியும் தெரியும். அந்த அளவுக்குள் பதில் சொல்கிறேன்.

கோவை, அவினாசியில் வேலை: காலையில் போகும்போதும் சூரியன் மூஞ்சியில, சாயங்காலம் திரும்பும்போதும் மூஞ்சியிலதான். எனக்கு மட்டும் ஏனுங்க இப்படி?

உங்கள் ரோடு அப்படி. கோவையிலிருந்து அவினாசி நேர்கிழக்கே இல்லை, வடகிழக்கே இருக்கிறது. மே, ஜூன், ஜூலையில் சூரியனும் கிழக்கிலிருந்து வடக்கே தள்ளித்தான் உதிக்கும். ரோடும் சூரியனும் ஒரே கோட்டில் வந்துவிடும். திரும்பி வரும்போது நீங்கள் தென்மேற்கே பார்த்து ஓட்டுகிறீர்கள். நவம்பரிலிருந்து ஜனவரி வரைக்கும் சூரியன் மறைவதும் அந்தப் பக்கம்தான். ஆக வருசத்துக்கு ஒரு சீசன் காலையில், ஒரு சீசன் மாலையில். அவினாசியில் குடியிருந்து கோவைக்கு வேலைக்குப் போகிறவருக்கு இரண்டு வேளையும் வெயில் முதுகில். வீட்டை மாத்துங்க என்றா சொல்ல முடியும்? அதுவும் இப்போது 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் ஏறிவிட்டால் மரம், கட்டட நிழல் எதுவும் கிடையாது.

சூரியன் மணிக்குச் சுமார் 15 டிகிரி நகரும். உதித்து ஒரு மணி நேரம் ஆனால் கண்ணாடிக்கு மேலே இருக்கும் மடிப்புத் தட்டியே மறைத்துவிடும். அதற்குக் கீழே இருக்கும்போதுதான் தொந்தரவு. முடிந்தால் அரை மணி, முக்கால் மணி நேரம் தள்ளிக் கிளம்புங்கள். முடியாது என்றால் போலரைஸ்டு கூலிங் கிளாஸ் வாங்குங்கள். ரோட்டிலும் உங்கள் வண்டியின் பானட்டிலும் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தை அது நன்றாகவே வெட்டும். கண்ணாடியின் காதில் 3 என்ற எண் இருந்தால் சரி. 4 என்று இருந்தால் வேண்டாம், அது பனிமலை ஏறுபவர்களுக்கான இருட்டு, வண்டி ஓட்ட ஆகாது.

இன்னொன்று. வெயில் முதுகில் இருக்கிறவர்கள் நிம்மதி என்று நினைக்காதீர்கள். உங்கள் வண்டியின் நிழல் முன்னால் நீளமாக விழுகிறதா? அப்படியானால் எதிரே வருகிறவனுக்கு உங்களைத் தெரியவில்லை. பட்டப்பகலானாலும் டிம்மில் லைட்டைப் போடுங்கள்.

திருப்பூர்: தினமும் கண்ணாடியைத் துடைக்கிறேன். ஆனா எதிர் வெளிச்சம் பட்டா முன்னால புகை போட்ட மாதிரி தெரியுது.

எதில் துடைக்கிறீர்கள் என்று கேட்க வேண்டியதே இல்லை, ஊர்ப் பெயரே சொல்கிறது. பனியன் வேஸ்ட். எங்கள் கடையிலும் மூட்டையாகக் கிடக்கிறது, கையில் கிரீஸ் துடைக்க அதைவிட நல்லது இல்லை. ஆனால் தூசி படிந்த கண்ணாடியை வெறும் வேஸ்ட்டில் வறட்டுத் துடைப்பு துடைத்தால் உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்த மாதிரி. பகலில் ஒன்றும் தெரியாது. ராத்திரி வண்டியை நிறுத்திவிட்டு, ஒருத்தரை வெளியே நின்று கண்ணாடி மேல் டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். உள்ளே உட்கார்ந்து பார்த்தால் வைப்பர் போன வழியெல்லாம் வில் வில்லாகக் கீறல் தெரியும். எதிர் வண்டி வெளிச்சம் அந்த ஒவ்வொரு கீறலிலும் பட்டுச் சிதறுகிறது. அதுதான் உங்கள் புகை.

முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்குங்கள், அப்புறம்தான் துணி. வைப்பர் ரப்பரை வருசத்துக்கு ஒரு தடவையாவது மாற்றுங்கள். காய்ந்த கண்ணாடியில் வைப்பரைப் போடாதீர்கள்.

உள்பக்கத்தை யாருமே துடைப்பதில்லை. வெயிலில் நிற்கும் வண்டியில் டேஷ்போர்டு பிளாஸ்டிக் சூடாகி ஒரு எண்ணெய்ப் பசை ஆவியாகிக் கண்ணாடியில் ஒட்டும். விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள், கோடு தெரிந்தால் பசை இருக்கிறது. பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்ட தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து, உடனே சுத்தமான காய்ந்த துணியால் துடைத்து எடுங்கள். டேஷ்போர்டுக்குப் பளபளவென்று பாலிஷ் போடுவது, அதன் மேல் வெள்ளைத் துண்டு விரிப்பது இரண்டையும் விட்டுவிடுங்கள். அப்படியே கண்ணாடியில் பிம்பம் விழும். கீறல் நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு இருந்தால் எந்தப் பாலிஷும் சரிப்படாது, கண்ணாடி மாற்ற வேண்டியதுதான்.

ஈரோடு: ராத்திரிக்கு மஞ்சள் கண்ணாடி போட்டால் கூசாது என்கிறார்களே?

போட்டால் இதமாக இருக்கும், உண்மைதான். மொத்த வெளிச்சத்தையும் குறைத்தால் கூச்சமும் குறையத்தானே செய்யும்? ஆனால் ஓரமாக நடந்து போகிறவரும் சேர்ந்து மங்கிப் போவார். 2019-ல் அமெரிக்காவில் ஷெபன்ஸ் கண் ஆய்வு நிலையத்தில் ஆட்களை வண்டி ஓட்டும் சிமுலேட்டரில் உட்கார வைத்துச் சோதித்தார்கள். மஞ்சள் கண்ணாடி போட்டதால் நடந்து போகிறவரைக் கண்டுபிடிப்பதில் எந்த முன்னேற்றமும் இல்லை. வேண்டாம்.

கோபி: அண்ணா, டோல்கேட் பக்கத்துல மஞ்சக் கண்ணாடி 150 ரூபாய்க்கு விக்கறாங்க, வாங்கலாமா?

மேலே பார்க்கவும்.

வெள்ளகோவில்: பழைய கார். ஹாலோஜன் பல்பை எடுத்துட்டு எல்ஈடி போட்டேன். பகல் மாதிரி இருக்கு. ஆனா எதிரே வர்றவங்க எல்லாரும் டிம் அடிச்சுக் காட்டறாங்க. நான் டிம்மிலதான் போறேன்!

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

உங்கள் பழைய ஹெச் 4 பல்பைத் தூக்கிப் போட்டிருக்காவிட்டால் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு இழைகள். பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55. டிம் இழைக்கு அடியில் கரண்டி மாதிரி ஒரு குட்டித் தகடு இருக்கும். பல்பைச் சுற்றி இருக்கும் பளபளப்பான கிண்ணம்தான் ரிஃப்ளெக்டர். அந்த இழையின் வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் கீழ்ப் பாதியில் படாமல் தடுப்பது அந்தத் தகடுதான். மேல் பாதியில் மட்டும் பட்டு ரோட்டைப் பார்த்து இறங்கும். இழை ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலே கணக்குத் தப்பும். அந்த இடத்தில் தடித்த ஒரு பட்டையில் சிப் ஒட்டிய எல்ஈடியைச் செருகினால் வெளிச்சம் ரிஃப்ளெக்டர் முழுக்கப் பட்டுத் தென்னை மரத்து உச்சி வரைக்கும் போகும். நீங்கள் டிம்மில்தான் போகிறீர்கள். எதிரே வருகிறவருக்கு அது பிரைட்.

பகல் மாதிரி என்றீர்கள். வண்டிக்குப் பக்கத்தில்தான் பகல். பக்கத்தில் வெள்ளையாக அடித்தால் கண்மணி சுருங்கிவிடும், தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகும். கம்பெனியே எல்ஈடி வைத்துக் கொடுக்கும் வண்டியில் லென்ஸும் ரிஃப்ளெக்டரும் அதற்கென்றே செய்தவை, அது வேறு. பழைய கூட்டில் புது பல்பு போடாதீர்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-வது விதி என்ன சொல்கிறது? விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒருத்தர் கண் இருந்தால் அந்தக் கண் கூசக் கூடாது. அது நம் ஊர் ரோட்டில் எதிரே பைக்கில் வருகிறவரின் கண்தான்.

நாமக்கல், லாரி டிரைவர்: நீங்க சொல்றது புஸ்தகத்துக்குச் சரிங்க. எதிரே வர்றவன் பிரைட்டை இறக்கவே மாட்டேங்கறான். நாம மட்டும் டிம் பண்ணிக் குருடாப் போகணுமா? நானும் பிரைட்டைப் போட்டாத்தான் இறக்கறான்.

தாராபுரம், பஸ் டிரைவர்: அவர் சொல்றதுதான் சரி. நாலு ஃபோகஸ் லைட்டையும் தட்டுனாத்தான் கார்க்காரங்களுக்குப் புத்தி வருது.

பல்லடம், கார்க்காரர்: எங்களைச் சொல்றீங்களா! உங்க லைட்டு எங்க தலை உயரத்துல இருக்கு. பின்னால வந்தாலும் கூசுது, முன்னால வந்தாலும் கூசுது.

சண்டையை நிறுத்துங்கள், மூன்று பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

நானும் அப்படித் தட்டியவன்தான். லாரி ஓட்டிய காலத்தில் ஒருநாள் ராத்திரி பவானி தாண்டி வந்துகொண்டிருந்தேன். எதிரே ஒரு வண்டி பிரைட்டை இறக்கவில்லை. எனக்குக் கோபம், நானும் பிரைட்டில் வைத்தேன். அவனும் விடவில்லை, நானும் விடவில்லை. தாண்டிப் போன பிறகு கண்ணுக்குள் பச்சையும் ஊதாவுமாக இரண்டு வட்டம், வேறொன்றும் தெரியவில்லை. கிளீனர் பையன் "அண்ணா, கரும்பு!" என்று கத்தினான். பிரேக்கை மிதித்து வண்டி நின்றபோது, கண்ணாடிக்கு ஒரு முழம் முன்னால் கரும்புத் தோகை ஆடிக்கொண்டிருந்தது. டிராக்டர் டிரெய்லர், பின்னால் சிவப்பு விளக்கும் இல்லை, ரிஃப்ளெக்டரும் இல்லை. தோகை வாசம்கூட வந்தது.

அறுபதில் போனால் விநாடிக்கு 16 மீட்டருக்கு மேல். கூசிய கண் தெளியச் சில விநாடி ஆகும். அதற்குள் ஐம்பது மீட்டர் போய்விடும். எதிராளியும் அதே கதியில் இருந்தால் இரண்டு குருடர்கள் எதிரும் புதிருமாக வருகிறார்கள் என்று அர்த்தம். ஒரு குருடன் இருந்தாலாவது இன்னொருத்தன் ஒதுங்குவான்.

ஒரு தடவை டிம் அடித்துக் காட்டுங்கள். இறக்கவில்லையா, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். கண்ணை ரோட்டின் இடது ஓரத்து வெள்ளைக் கோட்டில் வையுங்கள், எதிர் வெளிச்சத்தைப் பார்க்கவே பார்க்காதீர்கள்.

கார்க்காரர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. லாரி, பஸ் லைட் உயரம் என்பதால் இரண்டு அங்குலம் தூக்கி இருந்தாலே காருக்குள் இறங்கும். நாலு ஃபோகஸ் லைட்டுக்கு நான் வயர் இழுத்துக் கொடுப்பதில்லை, அதனால் போன வாடிக்கையாளர்களும் உண்டு. ஆனால் இறக்காமல் வருகிற எல்லாருமே திமிரில் வருவதில்லை. பாதிப் பேர் டிம்மில்தான் இருப்பார்கள், லைட் மேல் நோக்கி இருக்கும். பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் இரண்டு மூட்டை தேங்காய் ஏற்றினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் 0 முதல் 3 வரை ஒரு திருகி இருக்கிறதே, அது எதற்கென்று தெரியாமலேயே வண்டியை விற்றுவிடுகிறார்கள். லோடு ஏறினால் எண்ணை ஏற்ற வேண்டும், லைட் இறங்கும்.

சேலம், கோவை நாலு வழிச் சாலை நடுவில் அரளி வைத்திருப்பது அழகுக்கு மட்டும் இல்லை. எதிர் வெளிச்சத்தை மறைக்கிற வேலையும் அதற்கு உண்டு. அரளி இல்லாத கிராமத்து ரோட்டில் நாமேதான் அரளி.

சத்தியமங்கலம், வயது 63: முன்னெல்லாம் இப்படி இல்லை. இப்போ ஒவ்வொரு லைட்டைச் சுத்தியும் வட்டம் வட்டமாத் தெரியுது.

ஐயா, இது என் கடை வேலை இல்லை. வட்டம் தெரிவது கண்புரையாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். இந்த வாரமே கண் மருத்துவரிடம் போங்கள். அதுவரைக்கும் ராத்திரி ஓட்டாதீர்கள்.

பொள்ளாச்சி: கண்ணாடி முழுக்க சன் ஃபிலிம் ஒட்டலாமா?

முன், பின் கண்ணாடியில் 70 சதவீதம், பக்கத்தில் 50 சதவீதம் வெளிச்சம் உள்ளே வர வேண்டும் என்பது விதி. 2012-ல் உச்ச நீதிமன்றம் ஒட்டுகிற ஃபிலிமே கூடாது என்றது. அப்புறம் விதியைத் திருத்தினார்கள். அளவுக்குள் இருந்தால் ஒட்டலாம் என்று 2024-ல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. வாளையாறு தாண்டினால் ஒரு பேச்சு, தாண்டாவிட்டால் ஒரு பேச்சு. சட்டம் எப்படியோ போகட்டும், ராத்திரி ஓட்டுகிறவர் முன்கண்ணாடியில் எதையும் ஒட்டாதீர்கள்.

சென்னிமலை, பைக்: ஹெல்மெட்டுல கூசுது. அப்புறம் பகல்லயும் லைட் எரியுதே, அதை நிறுத்த முடியுமா?

வைசர் கீறியிருக்கும், புதுசு மாற்றுங்கள். ராத்திரிக்குக் கறுப்பு வைசர் கூடாது. துடைப்பதற்கும் அதே கதைதான், முதலில் தண்ணீர், வெறும் பனியன் வேஸ்ட் ஆகாது. பகலில் எரிவது 2017 ஏப்ரலிலிருந்து வந்த விதி. நிறுத்தித் தர மாட்டேன்.

கரூர்: பின்னால வர்ற லைட்டு உள் கண்ணாடியில அடிக்குது.

கண்ணாடிக்கு அடியில் ஒரு குட்டி நாக்கு இருக்கும். தள்ளுங்கள்.

ஆழியாறு: வால்பாறை 40 கொண்டை ஊசி வளைவுலயும் டிம்முதானா?

வளைவு வருவதற்கு முன்னால் பிரைட்டைத் தட்டி டிம்முக்கு வந்துவிடுங்கள். எதிரே யாராவது இருந்தால் அவருக்குத் தெரியும். வளைவுக்குள்ளே பிரைட் போட்டால் பள்ளத்தாக்குக்குத்தான் வெளிச்சம்.

அந்தியூர்: அண்ணா, மஞ்சள் கண்ணாடியில நைட் விஷன்னு எழுதியே விக்கறாங்களே?

எழுதுவதற்குக் காசா பணமா. வேண்டாம் சாமி.

மறுபடியும் வெள்ளகோவில்: கோவிச்சுக்காதீங்க. எல்ஈடியைக் கழட்டிட்டுப் பழைய பல்பையே போட்டுட்டேன். லைட் சரியா இருக்கான்னு எப்படிப் பார்க்கிறது?

கோபமெல்லாம் இல்லை. சமதளத்தில் ஒரு சுவர் பாருங்கள், கோழிப்பண்ணைச் சுவர் இருந்தாலும் போதும். டயர் காற்றைச் சரி பாருங்கள், திருகி 0-வில் இருக்கட்டும், டிரைவர் சீட்டில் ஒரு ஆள் இருக்கட்டும். சுவரை ஒட்டி நிறுத்தி இரண்டு லைட்டின் நடு உயரத்தையும் சாக்பீஸால் குறியுங்கள். அப்புறம் 10 மீட்டர் நேர் பின்னால் வந்து டிம்மைப் போடுங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் குறிக்கு 10 சென்டிமீட்டர் கீழே படுக்கையாக விழ வேண்டும். இடது பக்கம் மட்டும் கொஞ்சம் மேலேறும், அது சரிதான், நம் ஊர் இடதுபக்கப் போக்குவரத்துக்காக ஓரத்தைக் காட்டுவது. வலது பக்கம் ஏறினால் அது வெளிநாட்டு லைட்.

வெள்ளகோவில்: பார்த்தேனுங்க. இடது லைட் சரியா விழுது. வலது லைட்டுக்கு விளிம்பே இல்லை, கலைஞ்ச மாதிரி இருக்கு.

பல்பு குழியில் உட்காரவில்லை. ஹெச் 4-இன் அடித்தகட்டு விளிம்பில் காது மாதிரி மூன்று நீட்டல்கள், ஒன்று மட்டும் அகலம். அகலக் காது மேலே வர வேண்டும். கம்பியைத் தளர்த்தி, பல்பின் கண்ணாடியில் விரல் படாமல் எடுத்துத் திரும்பப் போடுங்கள். காது குழியில் அமர்ந்தால் கையிலேயே தெரியும். போட்டுவிட்டு மறுபடி சுவரைப் பாருங்கள்.