வேகன் ஆரில் லடாக் போகலாமா?

கேள்வி: எங்களிடம் 1 லிட்டர் வேகன் ஆர் இருக்கிறது. வாங்கி ஐந்து வருடம், 58,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. செப்டம்பரில் நானும் மனைவியும் கல்லூரியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளுமாக லடாக் வரை ஓட்டிப் போய்வர ஆசை. சர்வீஸுக்கு விட்ட இடத்தில் இதைச் சொன்னதும், "இந்த வண்டியிலா? எக்ஸ்சேஞ்சில் கொடுத்துட்டு எஸ்யூவி எடுத்துடுங்க சார்" என்று கொட்டேஷனே போட்டுக் கொடுத்துவிட்டார்கள். என்ன செய்யலாம்?
– கோவை வாசகர்

பதில்: கொட்டேஷனை மடித்து உள்ளே வையுங்கள். லடாக்கின் லே நகரத் தெருக்களில் ஆல்டோக்கள் சாதாரணமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. லேக்குப் போகும் ஸ்ரீநகர் வழியும் மணாலி வழியும் ராணுவ லாரிகளுக்காகவும் டேங்கர்களுக்காகவும் பராமரிக்கப்படும் நெடுஞ்சாலைகள். அதோடு, இன்று எஸ்யூவி என்று விற்கும் வண்டிகளில் பெரும்பாலானவை உங்கள் வேகன் ஆரைப் போலவே முன்சக்கரங்களால் மட்டும் இழுக்கப்படுபவை. உயரமான உடம்புக்காகத்தான் லட்சக்கணக்கில் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். அந்த உயரத்தால் பலன் உண்டு, மறுக்கவில்லை. உங்கள் வண்டிக்குத் தரையிலிருந்து 165 மில்லிமீட்டர் இடைவெளிதான். நாலு பேர் ஏறினால் அதுவும் குறையும். ஆனால் இந்த ஒரு பயணத்துக்காகக் கடன் வாங்கிக் காரை மாற்றும் அளவுக்கு அது பெரிய விஷயமில்லை.

உண்மையான சிக்கல் காற்றில் இருக்கிறது. டர்போ இல்லாத என்ஜின், ஆயிரம் மீட்டர் ஏற ஏறப் பத்து சதவீதம் போலச் சக்தியை இழக்கும். மணாலி வழியில் உள்ள தங்லாங் லா கணவாய் 5,328 மீட்டர். கோவையில் 67 குதிரைத்திறன் காட்டும் உங்கள் என்ஜினிடம் அங்கே பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் மிஞ்சும். வண்டியின் எடை எண்ணூறு கிலோவைச் சற்றுத் தாண்டும். நாலு பெரியவர்களும் பெட்டிகளும் சேர்ந்தால் இன்னும் முந்நூற்றைம்பது கிலோ. அப்புறம் என்ன ஆகும்? கொண்டை ஊசி வளைவில் முன்னால் ஒரு லாரி நிற்கும், நீங்களும் நிற்பீர்கள், திரும்பக் கிளப்ப அரை கிளட்சில் உறுமுவீர்கள். இப்படி நாலைந்து தடவை செய்தால் கருகல் வாடை வரும். அந்தப் பாதையில் சின்னக் கார்களைப் படுக்க வைப்பது பெரும்பாலும் கிளட்ச்தான். அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: காரை மாற்றாதீர்கள், பாரத்தைக் குறையுங்கள். நாலு பேரும் போகலாம். ஆளுக்கு ஒரு துணிப்பை, அவ்வளவுதான். நம் ஆட்கள் மூட்டை கட்டும் அழகு தெரியும் என்பதால் சொல்கிறேன்: கேஸ் அடுப்பு, பத்து கிலோ அரிசி, மடக்கு நாற்காலி எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் வரலாம். மணாலி வழியில் 4,290 மீட்டரில் இருக்கும் சார்ச்சூவில் தண்ணீர் 85 டிகிரி சொச்சத்திலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் அங்கே சோறு வேகாது. வெந்த சோற்றை தாபாக்காரரிடமே வாங்கிக்கொள்ளுங்கள்.

போவதற்கு ஸ்ரீநகர் வழியையும் திரும்புவதற்கு மணாலி வழியையும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீநகரிலிருந்து லே வரை மிக உயரமான இடம் ஃபோட்டு லா, 4,108 மீட்டர். கார்கிலில் ஒரு இரவு தங்கினால் உடம்பும் பழகும். மணாலி வழியிலோ பாரலாச்சா லா, நக்கீ லா, லாச்சுங் லா, தங்லாங் லா என்று நாலு கணவாய்கள். கடைசி இரண்டும் 5,000 மீட்டரைத் தாண்டியவை. இருபத்தொரு வளைவுள்ள கட்டா லூப்ஸும் அங்கேதான். முதலிலேயே அந்த வழியில் ஏறி சார்ச்சூவில் படுத்தால், காருக்கு முன்னால் நீங்கள் படுத்துவிடுவீர்கள். தலைவலி, வாந்தி என்று உயர நோய் காட்டினால் மேலே ஏறக் கூடாது. தணியாவிட்டால் கீழே இறங்க வேண்டும். மாத்திரை விஷயத்தைக் கிளம்புமுன் உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்.

மணாலி வழியில் பெட்ரோல் கணக்கு முக்கியம். மணாலியிலிருந்து போனால் கேலாங்குக்குச் சற்று முன்னால் உள்ள தாந்தி பங்கில், அடுத்த பங்கு 365 கிலோமீட்டரில் என்று ஒரு பிரபலமான பலகை உண்டு. நீங்கள் எதிர்த்திசையில் வருவதால் லேயிலோ, அங்கிருந்து 35 கிலோமீட்டரில் உள்ள காருவிலோ டேங்க்கை நிரப்ப வேண்டும். உங்கள் டேங்க் 32 லிட்டர். கீழ் கியரில் ஏறும் மலைப்பாதையில் லிட்டருக்கு 13 கிலோமீட்டர் என்று வைத்தால் 28 லிட்டர் போய்விடும். மிச்சம் நாலு லிட்டர். நிலச்சரிவு என்று பாதி வழியில் திருப்பி அனுப்பினால் அது காணாது. நல்ல உலோக கேனில் ஐந்து லிட்டர் இருக்கட்டும். பிளாஸ்டிக் பாட்டிலை நீட்டாதீர்கள்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே பரீட்சை வைத்துவிடுங்கள். லடாக் போகும் அதே நாலு பேர், அதே பைகளோடு கொல்லிமலைக்கு ஏறி இறங்குங்கள். எழுபது வளைவுகள். காற்றுக் குறைவை அது காட்டாது. கிளட்ச் வழுக்குகிறதா, பிரேக் மிதி பஞ்சு மாதிரி ஆகிறதா, டெம்பரேச்சர் ஏறுகிறதா என்பதைக் காட்டிவிடும். கிளட்ச் மிதியின் உச்சியில்தான் பிடிக்கிறது என்றால் தகட்டை இங்கேயே மாற்றுங்கள். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் அதையும் மாற்றுங்கள்; பழைய ஆயில் ஈரம் இழுத்திருக்கும், நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால் மிதி அடிவரை போகும். அப்புறம் கூலன்ட். நம் ஊரில் ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றும் பழக்கம் இன்னும் போகவில்லை. செப்டம்பர் கடைசியில் சார்ச்சூ இரவில் அது உறையலாம். வடித்துவிட்டு கம்பெனி சொல்லும் கூலன்ட்டை நிரப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: இதே பயணத்துக்காக ஒரு அக்சஸரி கடையில் கேட்டேன். 15 இன்ச் அலாய் வீல், ஸ்பிரிங் ஸ்பேசர், கூரை கேரியர், பனிச் சங்கிலி, எல்இடி பார் என்று பெரிய பட்டியல் கொடுத்தார்கள். எதெல்லாம் வாங்கலாம்?
– திருப்பூர் வாசகர்

பதில்: பட்டியலில் இருப்பதில் ஒன்றுமே வேண்டாம். இல்லாத ஒன்று வேண்டும்: சம்ப் கார்டு. சின்னக் கார்கள் பலவற்றில் என்ஜின் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்புக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் மூடிதான் இருக்கும், சிலவற்றில் அதுவும் கிடையாது. பாதையில் கிடக்கும் ஒரு கல் போதும். உங்கள் மாடலுக்கென்றே வரும் இரும்புத் தகட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அலாய் மாற்றினால் டயரின் பக்கச்சுவர் ஒல்லியாகிவிடும். கல்லில் ஏறும்போது அடி வாங்குவது அந்தச் சுவர்தான். கம்பெனி கொடுத்த அளவே நல்லது. டயர் வாங்கும்போது பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் எழுத்து வரிசை முடியும் இடத்தில் நாலு இலக்கம் தேடுங்கள். 2321 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. கடைக்காரர் "புது ஸ்டாக் சார்" என்பார். நீங்கள் குனிந்து எண்ணைப் படியுங்கள். ஐந்தாறு வருடம் ஆன டயர் பட்டன் தேயாமல் பளபளவென்று இருந்தாலும் லடாக்குக்கு வேண்டாம்.

வண்டியை உயர்த்த ஸ்பிரிங்கில் செருகும் ஸ்பேசர் சஸ்பென்ஷனைக் கெடுக்கும், வாரண்டிக்கும் வம்பு. கேரியர் காற்றைத் தடுத்துப் பெட்ரோலைக் குடிக்கும்; அதைவிட, இடம் இருக்கிறதே என்று நீங்கள் அதில் எதையாவது ஏற்றிவிடுவீர்கள். செப்டம்பரில் போகிறவருக்குச் சங்கிலி பொதுவாகத் தேவைப்படாது. அந்தப் பணத்தில் 12 வோல்ட் காற்றடிக்கும் பம்ப், டியூப்லெஸ் பஞ்சர் கிட், இழுவைக் கயிறு வாங்குங்கள். கயிறு வாங்கியதோடு விடாதீர்கள். பல கார்களில் இழுவைக் கொக்கி தனியாக டூல் பையில் இருக்கும். பம்பரில் உள்ள சின்ன மூடியைத் திறந்து அதைத் திருகி மாட்ட வேண்டும். பழைய கார் வாங்கியவர்கள் பலரிடம் அந்தக் கொக்கியே இருக்காது. இன்றே டிக்கியைத் திறந்து பாருங்கள்.

கேள்வி: பம்பர் டு பம்பர் இன்சூரன்ஸ் இருந்தால் மலைப்பாதையில் எது நடந்தாலும் கிடைத்துவிடும்தானே?
– திருச்சி வாசகி

பதில்: கிடைக்காது. பம்பர் டு பம்பர் என்பது ஜீரோ டிப்ரிசியேஷன். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலையைக் கழிப்பார்கள்; இதில் கழிக்க மாட்டார்கள், அவ்வளவுதான். உங்கள் பயணத்தில் வரக்கூடிய இரண்டு செலவுகளுக்கு அது உதவாது.

ஒன்று, என்ஜினுக்குள் தண்ணீர். பனி உருகி வரும் ஓடைகள் காலையில் கணுக்கால் அளவு இருக்கும், பிற்பகலில் முழங்காலைத் தொடும். அதில் வண்டி நின்றுபோனால் சாவியைத் திரும்பத் திருகக் கூடாது. திருகி என்ஜின் உடைந்தால் அது பின்விளைவுச் சேதம் என்று சாதாரண பாலிசியில் கையை விரித்துவிடுவார்கள். என்ஜின் புரொடெக்ட் என்ற தனி இணைப்பு வேண்டும். அதிலும் நிபந்தனைகளைப் படியுங்கள். இரண்டு, சம்ப் அடிபடுவது. கல் மோதி சம்ப் உடைந்ததற்குக் கிளெய்ம் உண்டு. ஆயில் விளக்கு எரிந்தும் "பக்கத்து ஊர் வரை போய்விடலாம்" என்று ஓட்டி என்ஜின் பிடித்துக்கொண்டால், அந்தச் செலவு உங்களுடையது.

இந்த இணைப்புகளைப் பொதுவாகப் பாலிசி எடுக்கும்போதோ புதுப்பிக்கும்போதோதான் சேர்க்க முடியும். ரோட்சைட் அசிஸ்டன்ஸ் இருந்தால் எத்தனை கிலோமீட்டர் வரை இலவசமாக இழுப்பார்கள் என்பதை முதலில் பாருங்கள்.

கேள்வி: டெல்லி வரை ரயிலில் போய், அங்கே செல்ஃப் டிரைவ் கார் எடுத்து லடாக் சுற்றலாமா?
– மதுரை வாசகர்

பதில்: லே வரை வேண்டுமானால் போகலாம். அதற்கப்பால் நூப்ரா பள்ளத்தாக்கு, பாங்காங் ஏரி பக்கம் வெளியூர் வாடகைக் கார்களை உள்ளூர் டாக்சி சங்கத்தினர் விடுவதில்லை, ஆர்.சி.யில் உள்ள பெயரையும் உங்கள் அடையாள அட்டையையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நண்பரின் காரை அவர் இல்லாமல் ஓட்டிப் போனாலும் இதே தகராறு வரலாம். காரை லேயில் நிறுத்திவிட்டு உள்ளூர் டாக்சி பிடிக்க வேண்டியிருக்கும். இரண்டு வாடகை. அதற்கு விமானத்தில் லே போய், இரண்டு நாள் சும்மா படுத்திருந்து, பிறகு டாக்சி எடுப்பது மேல்.

கேள்வி: சிஎன்ஜி கார் சரிப்படுமா? ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் எடுத்தால் லாபமா?
– சேலம் வாசகர்

பதில்: சிஎன்ஜி வண்டியில் பெட்ரோலிலும் ஓடலாம் என்பதால் போக முடியும். ஆனால் மணாலிக்கு மேல் அந்த சிலிண்டர் வெறும் சுமை, டிக்கியையும் அடைத்துக்கொள்ளும். பெட்ரோல் கார் கைவசம் இருந்தால் அதையே எடுங்கள்.

பாஸ் கண்டிப்பாக லாபம். 2025 ஆகஸ்ட் 15இல் 3,000 ரூபாய்க்கு வந்தது. ஒரு வருடம் அல்லது 200 முறை, எது முதலில் முடிகிறதோ அதுவரை. சொந்தக் கார்களுக்கு மட்டும். நம் ஊரிலிருந்து ஸ்ரீநகர் வரை போய்வந்தால் போட்ட பணத்தை அந்த ஒரு பயணத்திலேயே எடுத்துவிடலாம். மாநில அரசுகளின் விரைவுச் சாலைகளில் அது செல்லாது, அதனால் ஃபாஸ்டேக்கில் கொஞ்சம் பணமும் இருக்கட்டும். இன்னொன்று: தமிழ்நாட்டு ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. வண்டியில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்ட் இணைப்பு இருக்கும்படி, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மாற்றிக்கொள்ளுங்கள்.