‘பிரேசில் காய்ச்சல்’ என்றால் என்ன? அங்கே போன போலந்துக் குடியானவர்கள் பட்ட பாடு என்ன?

1890 வாக்கில் போலந்துக் குடியானவர்கள் பல்லாயிரக்கணக்கில் பிரேசிலுக்குக் கப்பலேறிய அலைக்கு அந்தப் பெயர்.

அப்போது போலந்து என்றொரு நாடே வரைபடத்தில் இல்லை. ரஷ்யா, ஆஸ்திரியா, ஜெர்மனி மூன்றும் பங்குபோட்டிருந்தன. ஊரில் நிலம் தலைமுறைக்குத் தலைமுறை துண்டானது. அரை ஏக்கரை நான்கு பிள்ளைகளுக்குப் பிரித்தால் வரப்புதானே மிஞ்சும்! 1888இல் அடிமைமுறையை ஒழித்த பிரேசிலுக்கோ ஆள் தேவை. கப்பல் கட்டணத்தை அரசே ஏற்றது.

தெற்குப் பிரேசிலின் பரானா மாநிலத்தில் அவர்களுக்குக் காட்டப்பட்ட ‘வயல்’, அரௌகாரியா என்ற ஊசியிலை மரங்கள் அடர்ந்த காடு. கோடரியால் வெட்டி, எரித்து, அடிக்கட்டைகளுக்கு நடுவே மக்காச்சோளம் விதைத்தார்கள். ஜூலையில் குளிர், டிசம்பரில் வெயில்: பழகிய விவசாயக் கணக்கு தலைகீழானது. கால்விரல் நகத்தடியில் புகும் மணல் தெள்ளு என்ற சிறு பூச்சியை ஊசியால் தோண்டி எடுக்க வேண்டும். இதற்கெல்லாம் மேலாக, ஆவணங்களில் பலர் ரஷ்யர், ஆஸ்திரியர் என்றே பதிவானார்கள். எனக்கு இதுதான் பெரிய கொடுமையாகப் படுகிறது. அவர்கள் கட்டிய மரக்கட்டை வீடுகள் சிலவற்றைக் பரானாவின் தலைநகரான குரிடிபாவின் பூங்கா ஒன்றில் இன்றும் காணலாம்.

நிலம் இலவசமாகக் கிடைத்தது என்று பலர் நினைக்கிறார்கள்; இலவசம் பயணம் மட்டுமே, நிலத்தின் விலையைத் தவணையில் அடைக்க வேண்டியிருந்தது.