டாங்கி செய்யப் போகிறேன் என்கிறான், என்ன படிக்க வைப்பது?

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நம் நாட்டின் புதிய இலகு டாங்கியான ஜோராவரின் வீடியோவைப் பார்த்ததிலிருந்து பிளஸ் 1 படிக்கும் பையன் "நான் டாங்கி டிசைன் பண்ணப் போறேன்" என்கிறான். அவன் அப்பாவோ கம்ப்யூட்டர் சயின்ஸைத் தவிர வேறு பேச்சே கூடாது என்கிறார். நடுவில் நீங்கள். கலந்தாய்வுக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது, இப்போதே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பையன் அதில் குண்டு வெடிப்பதைப் பார்த்து மயங்கியிருப்பான். அந்த வயதில் யாருக்கும் அதுதான் கண்ணில் படும். ஆனால் அந்த வண்டியின் கதையே எடைதான். 2020-ல் கிழக்கு லடாக்கில் சீனாவோடு மோதல் முற்றியபோது, டி-72, டி-90 டாங்கிகளை மலைமேல் கொண்டுபோய் நிறுத்தினோம். இரண்டுமே 40 டன்னுக்கு மேல். சமவெளிக்கும் பாலைவனத்துக்கும் பொருந்தும் வண்டிகள் அவை. எதிர்ப்பக்கம் மலைக்கென்றே செய்த டைப் 15 இலகு டாங்கி நின்றது. அந்தக் குறையிலிருந்து பிறந்ததுதான் 25 டன் ஜோராவர். லடாக்கில் படை நடத்திய டோக்ரா தளபதி ஜோராவர் சிங்கின் பெயர். மத்திய அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வுக்கு ஆவடியில் இருக்கும் சி.வி.ஆர்.டி.இ. ஆய்வகமும் எல் அண்ட் டி நிறுவனமும் சேர்ந்து வடிவமைத்தது. 2024 ஜூலையில் குஜராத்தின் ஹசீராவில் வெளியே காட்டினார்கள். அதே டிசம்பரில் 4,200 மீட்டருக்கு மேல் கொண்டுபோய்ச் சுட்டுப் பார்த்தார்கள்.

மலைக்கு இலகு டாங்கி என்பது நமக்குப் புதிய யோசனையும் இல்லை. 1948-ல் ஸோஜிலா கணவாயில் ஸ்டூவர்ட் டாங்கிகள் ஏறின. 1962-ல் ஏ.எம்.எக்ஸ்-13 டாங்கிகளை விமானத்தில் கொண்டுபோய் லடாக்கின் சுசூலில் இறக்கினார்கள். பையனுக்கு இந்த இரண்டையும் சொல்லுங்கள், தேடிப் படிப்பான்.

சரி, படிப்புக்கு வருவோம். 25 டன்னுக்குள் அடக்க வேண்டும் என்றால் ஒவ்வொரு கிலோவுக்கும் சண்டை நடக்கும். தகடு தடிமனாக இருந்தால் வீரன் பிழைப்பான், வண்டி கனக்கும். அங்கே உலோகவியல் வேண்டும். ஓடும் வண்டியில் 105 மி.மீ. பீரங்கி குறியை விட்டு அசையக் கூடாது. அது கன்ட்ரோல் இன்ஜினியரிங், எலக்ட்ரானிக்ஸ். குறிபார்க்கும் கணக்கு முழுக்க மென்பொருள், ஆகவே அவன் அப்பா சொல்வதும் முழுத் தவறில்லை. தண்ணீரிலும் மிதந்து போக வேண்டும், அது இன்னொரு தலைவலி. இதையெல்லாம் ஒரே பட்டத்தில் கற்றுத்தரும் படிப்பு எங்கும் கிடையாது. "டிஃபென்ஸ்" என்று பெயரில் ஒட்டிக்கொண்ட பி.டெக். விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள். அந்தப் பெயர் எம்.டெக்.கில் வரட்டும். 2021-ல் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யும் டி.ஆர்.டி.ஓ.வும் சேர்ந்து பாதுகாப்புத் தொழில்நுட்பத்தில் எம்.டெக். கொண்டுவந்தன.

என்னைக் கேட்டால் மெக்கானிக்கல் அல்லது ஆட்டோமொபைல். காரணம் சொல்கிறேன். ஜோராவருக்கு முதலில் நினைத்தது ஜெர்மன் இன்ஜின். ஏற்றுமதி அனுமதி இழுத்துக்கொண்டே போனதால் அமெரிக்கக் கம்மின்ஸின் 760 குதிரைசக்தி இன்ஜினைப் பொருத்தினார்கள். பீரங்கியைத் தாங்கிச் சுழலும் மேற்கூடான டரட், பெல்ஜியத்தின் ஜான் காக்கரில் நிறுவனத்துடையது. டாங்கிக்கான இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சொந்தமாகச் செய்வது நமக்கு இன்னும் கைவராத வித்தை. 2024 மார்ச்சில்தான் பெரிய டாங்கிகளுக்கான 1,500 குதிரைசக்தி உள்நாட்டு இன்ஜினை மைசூரு பி.இ.எம்.எல்.லில் முதன்முதலாக ஓட்டிப் பார்த்தார்கள். ஆள் தட்டுப்படாத இடத்தில்தான் நல்ல ஆளுக்கு மதிப்பு. தெர்மோடைனமிக்ஸைக் கசப்பு மருந்தாக விழுங்காமல் படிக்கிற பையன் என்றால், தாராளமாக அந்தப் பக்கம் விடுங்கள்.

வேலை எப்படிக் கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். ஆவடியில் "டேங்க் ஃபேக்டரி" என்று எல்லோரும் சொல்வது ஹெச்.வி.எஃப்., அங்கே உற்பத்தி நடக்கிறது. வடிவமைப்பு நடப்பது சி.வி.ஆர்.டி.இ.யில். அங்கே விஞ்ஞானியாக நுழைய பி.இ.யில் முதல் வகுப்பு, பொறியியல் பட்டதாரிகளுக்கான கேட் தேர்வு மதிப்பெண், அப்புறம் நேர்முகம். விஞ்ஞானி 'பி' பதவியின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். டிப்ளமோ, ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு டி.ஆர்.டி.ஓ. ஆள் எடுக்க நடத்தும் செப்டம் தேர்வு உண்டு. அதைக் குறைவாக நினைக்க வேண்டாம், முன்மாதிரியைக் கழற்றிப் பூட்டுவது அவர்கள் கைதான். சீருடைதான் ஆசை என்றால் பிளஸ் 2 முடித்ததும் ராணுவத்தின் டெக்னிக்கல் என்ட்ரி, ஜே.இ.இ. மெயின் எழுதியிருக்க வேண்டும். அவன் கண் பார்வையை இப்போதே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

இடங்கள் குறைவு, அதை மறைக்க மாட்டேன். கேட் எழுதியும் ஆய்வகம் கிடைக்காமல் போகலாம். அதே மதிப்பெண்ணைக் கொண்டு எம்.டெக். போகலாம், பொதுத்துறை நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கலாம், வாகன நிறுவனங்கள் எடுத்துக்கொள்ளும். அடிப்படைப் பாடம் கையில் இருப்பவன் தெருவில் நிற்க மாட்டான்.

எனக்குக் கவலை பொறுமையைப் பற்றித்தான். ஜோராவர் நான்கே வருடத்தில் முன்மாதிரி ஆனது, அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. அர்ஜுன் டாங்கிக்கு 1974-ல் அனுமதி கிடைத்தது, 2004-ல்தான் ராணுவத்தின் கைக்குப் போனது. அதில் சேர்ந்த இளைஞர் ஒருவர் தலை நரைத்த பிறகுதான் தன் வேலையின் பலனைப் பார்த்திருப்பார். மூன்று மாதத்தில் ஒரு செயலி வெளிவந்தால்தான் மனம் நிறையும் என்கிற பையனுக்கு இது ஒத்துவராது.

உங்கள் பையன் எந்த ரகம்? இந்த விடுமுறையில் அவனிடம் ஒரு கணக்குக் கொடுங்கள். ஜோராவர் 25 டன், 760 குதிரைசக்தி. டி-72 சுமார் 41 டன், 780 குதிரைசக்தி. டன்னுக்கு எவ்வளவு சக்தி வருகிறது, 4,200 மீட்டரில் காற்று மெலிந்தால் இரண்டு இன்ஜினுக்கும் என்ன ஆகும்? வகுத்து விடை சொல்லிவிட்டு எழுந்து போனால் ஒன்று. மறுநாள் காலையில் வந்து இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போசார்ஜரைப் பற்றிக் கேட்டால் வேறொன்று. என்ன செய்தான் என்று எழுதுங்கள், அவன் அப்பாவிடம் நானே பேசுகிறேன்.