கேள்வி பதில்: கொலுசு பார்த்ததைக் கைப்பேசிக்கு யார் சொன்னது?

கேள்வி: மகளின் வளைகாப்புக்காகச் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு பார்த்துவிட்டு, எதுவும் வாங்காமல் திரும்பினேன். கைப்பேசியில் நான் எதையும் தேடவில்லை. இரவு அதைத் திறந்தால் வரிசையாகக் கொலுசு விளம்பரம். பேசுவதை ஒட்டுக்கேட்கிறார்களா? இதே வழியில் நம் வாக்கையும் திருப்பிவிட முடியுமா?
(ஒரு வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்)

பதில்: ஒட்டுக்கேட்க வேண்டிய தேவையே பெரும்பாலும் இருக்காது. நாட்காட்டி, கைவிளக்கு என்று ஏதோ ஒரு செயலிக்கு இருப்பிடத்தைப் பார்க்க நீங்கள் அனுமதி தந்திருந்தால், வெள்ளிக் கடைத் தெருவில் முக்கால் மணி நேரம் நின்றது பதிவாகியிருக்கும். உடன் வந்த மகள் வீட்டு வைஃபையில் கொலுசு மாதிரிகளைத் தேடியிருந்தாலும் போதும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் விளம்பர அடையாள எண் என்று ஒன்று உண்டு. அதில் உங்கள் பெயர் இருக்காது என்றாலும், வெவ்வேறு செயலிகள் திரட்டும் துணுக்குகளை ஒரே ஆளின் கணக்கில் கோத்துவிட அந்த எண் உதவுகிறது. ஒரு பக்கம் திரையில் விரிவதற்குள், அங்கே யாருடைய விளம்பரம் வருவது என்று கணினிகளுக்குள் ஏலமே நடந்து முடிந்துவிடுகிறது. ஏலத்தில் தோற்றவர்களுக்கும் உங்களைப் பற்றிய விவரம் போய்ச் சேர்ந்திருக்கும்.

கொலுசு விளம்பரத்தை ஒதுக்கிவிடலாம், அதனால் நட்டமில்லை. வாக்கின் கதை வேறு. கோட்டை மைதானத்தில் ஒருவர் மேடையேறிப் பேசினால் ஆதரவாளரும் கேட்பார், எதிர்க்கட்சிக்காரரும் கேட்பார். புளுகினால் மறுநாளே அதே மைதானத்தில் பதில் கிடைக்கும். உங்கள் அச்சத்தையும் ஆசையையும் அளவெடுத்து உங்கள் திரைக்கு மட்டும் வரும் பேச்சோ அடுத்த வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது என்பதால், அதை மறுக்க ஆளே இருப்பதில்லை. 2018-இல் வெளிப்பட்ட, கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் விவகாரத்தில், உலகெங்கும் 8.7 கோடிப் பேர் வரையிலான விவரங்கள் முறையின்றிக் கைமாறியிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. அந்த விவரங்களைத் திரட்டியது ஒரு வினாடி வினா செயலி; அதை நிறுவிய இந்தியர்கள் 335 பேர்தான். ஆனால் நண்பர்கள் பட்டியல் வழியாகச் சுமார் 5.62 லட்சம் இந்தியர்கள் அதில் சிக்கியிருக்கலாம் எனக் கணக்கிட்டார்கள். அதனால் எத்தனை வாக்குகள் மாறின என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நானும் அதை மிகைப்படுத்த மாட்டேன். கேட்காமலே எடுத்தார்கள் என்பதே எனக்குப் போதுமான குற்றம்.

கேள்வி: மறைக்க எதுவும் இல்லாதவர் எதற்கு அஞ்ச வேண்டும்?
(ஒரு வாசகர், ஏற்காடு)

பதில்: உங்கள் ஊர் வாக்குச்சாவடியிலும், எந்தக் கட்சி என்று ஊரறியச் சொல்லிக்கொண்டு திரிபவர்கூட அட்டை மறைப்புக்குப் பின்னால் நின்றுதானே வாக்களிக்கிறார்? அந்த மறைப்பை யாரும் சந்தேகத்தோடு பார்ப்பதில்லை. தனியுரிமை அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 2023-இல் நிறைவேறிவிட்டது. சட்டம் வந்து காக்கட்டும் என்று காத்திராமல், கைப்பேசி அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குள் விளம்பரங்கள் என்ற இடத்துக்குப் போய் விளம்பர அடையாள எண்ணை நீக்கிவிடுங்கள். கைவிளக்குச் செயலிக்குத் தந்த இருப்பிட அனுமதியையும் அப்படியே திரும்பப் பெறுங்கள். விளம்பரம் நிற்காது, ஆனால் நீங்கள் ஏற்காட்டிலிருந்து இறங்கி எந்தத் தெருவுக்குப் போனீர்கள் என்பது அந்த வழிகளில் அவர்களுக்குப் போகாது.